முன்கூட்டிய விண்ணப்பம்: அந்த ஒரு வாய்ப்பை எங்கே போடுவது?

கேள்வி: என் மகள் சி.பி.எஸ்.இ. பிளஸ் டூ படிக்கிறாள். சர்வதேச உறவுகள் படிப்பதில் உறுதியாக இருக்கிறாள். அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன், டஃப்ட்ஸ், ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகங்கள் மூன்றில் ஒன்றுக்கு நவம்பரிலேயே விண்ணப்பிக்க நினைக்கிறாள். ‘எர்லி டிசிஷன்’ போட்டால் இடம் சுலபமாகக் கிடைக்கும் என்று கோச்சிங் சென்டரில் சொல்கிறார்கள். வருடத்துக்கு 25 லட்சம் வரை எங்களால் முடியும். எதற்குப் போடலாம்?
*வாசகி, அண்ணா நகர்*

பதில்: கல்லூரியின் பெயரை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் கடைசி வரியைப் பார்ப்போம். இந்த வகைத் தனியார் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 90,000 டாலர் அளவில் ஆகிறது. இது முக்கால் கோடி ரூபாய்க்கு மேல். உங்கள் 25 லட்சம் போக, ஒவ்வொரு ஆண்டும் 50 லட்சத்துக்கு மேல் துண்டு விழும். அதை யார் தருவார்கள் என்பதுதான் எங்கே போடுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும்.

எர்லி டிசிஷன் என்பது ஒப்பந்தம். ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போட முடியும். அதில் மாணவி, பெற்றோர், பள்ளி மூவரும் கையெழுத்திட வேண்டும். டிசம்பர் நடுவில் இடம் கிடைத்துவிட்டால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்று அங்கேயே சேர வேண்டும். கல்லூரி தரும் நிதியுதவி போதவில்லை என்றால் மட்டுமே விலகலாம். ஆனால் நாலு கல்லூரிகளின் உதவித்தொகையை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு கையைவிட்டுப் போய்விடும். எர்லி ஆக்‌ஷன் அப்படியல்ல. முடிவு சீக்கிரம் வரும், சேரக் கட்டாயம் இல்லை, மே 1 வரை யோசிக்கலாம்.

உங்கள் மூன்று கல்லூரிகளும் ஒரே ரகம் அல்ல. ஜார்ஜ்டவுனின் வால்ஷ் வெளியுறவுப் பள்ளி 1919-ல் தொடங்கியது. இந்தத் துறையில் அதன் பெயர் பெரிது. அங்கே எர்லி ஆக்‌ஷன் முறைதான். ஆனால் அதோடு சேர்த்து வேறெங்கும் எர்லி டிசிஷன் போடக் கூடாது. முன்கூட்டி விண்ணப்பிப்பதால் தனிச் சலுகை கிடையாது என்று ஜார்ஜ்டவுனே சொல்லிவருகிறது. கோச்சிங் சென்டர் சொல்லும் கணக்கு அங்கே செல்லாது. வெளிநாட்டு மாணவர்களுக்கு நிதியுதவியும் மிகக் குறைவு. உங்கள் பட்ஜெட்டுக்கு அதை முதல் இடத்தில் வைக்க வேண்டாம். ஜார்ஜ் வாஷிங்டனின் எலியட் பள்ளியில் எர்லி டிசிஷன் உண்டு. வெளிநாட்டு மாணவர்கள் அங்கே எதிர்பார்க்கக்கூடியது பெரும்பாலும் திறன் அடிப்படையிலான உதவித்தொகைதான். அதன் தொகை தெரியாமலே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது ஆபத்து. அங்கே சேரக் கட்டாயம் இல்லாத வழக்கமான ஜனவரி சுற்றில் போடுங்கள்.

மிஞ்சுவது டஃப்ட்ஸ். சேர்த்துக்கொண்ட மாணவரின் நிதித் தேவையை, வெளிநாட்டவர் உட்பட, முழுமையாக ஈடுகட்டுவதாக அறிவித்திருக்கும் பல்கலைக்கழகம் அது. ஆனால் வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டால், இடம் தருவதா என்ற முடிவில் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில்தான் ‘நீங்களே என் முதல் தேர்வு’ என்ற உறுதிக்கு எடை உண்டு. உங்கள் மகளின் எர்லி டிசிஷன் டஃப்ட்ஸுக்குப் போகட்டும்.

பள்ளி மதிப்பெண்ணும், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வு முடிவும் மிக உயர்வாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. யேலும் பிரின்ஸ்டனும் வெளிநாட்டு மாணவர்களிடமும் பண வசதியைப் பார்க்காமல் இடம் தருகின்றன. நிதித் தேவையை முழுமையாக ஈடுகட்டுகின்றன. இரண்டிலும் முன்கூட்டிய சுற்றில் இடம் கிடைத்தாலும் சேரக் கட்டாயம் இல்லை. ஆனால் அதே சமயத்தில் வேறு தனியார் கல்லூரிகளுக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கத் தடை உண்டு. அங்கே கிடைக்காவிட்டால் ஜனவரியில் டஃப்ட்ஸின் இரண்டாம் எர்லி டிசிஷன் சுற்று இருக்கிறது.

ஒரு பெரிய தவறைச் செய்துவிடாதீர்கள். ‘உதவி வேண்டாம் என்று போட்டு உள்ளே போய்விடலாம், அடுத்த ஆண்டு கேட்டுக்கொள்ளலாம்’ என்று சிலர் சொல்வார்கள். முதல் விண்ணப்பத்தில் கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பின்னால் உதவி கிடையாது என்பதுதான் பல கல்லூரிகளின் விதி. நிதியுதவிக்கான சி.எஸ்.எஸ். புரொஃபைல் படிவத்தை அக்டோபரிலேயே நிரப்பத் தொடங்குங்கள். ரூபாயிலேயே நிரப்பலாம், 18 லட்சம் என்றால் 18,00,000 என்று முழு எண்ணாக. வருமான வரிக் கணக்கு, சம்பளச் சான்று, வங்கி அறிக்கை மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

கேள்வி: மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ படிக்கிறேன். எங்கள் பள்ளியில் இதுவரை யாரும் வெளிநாட்டுக்கு விண்ணப்பித்ததில்லை. பள்ளி என்ன செய்ய வேண்டும்?
*மாணவர், தாம்பரம்*

பதில்: தம்பி, நல்ல கட்டுரை எழுதியும் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையதளமான காமன் ஆப்பில் நீங்கள் ஒரு பகுதியைத்தான் அனுப்புகிறீர்கள். பள்ளி அறிக்கை, 9-ஆம் வகுப்பு முதலான மதிப்பெண் பட்டியல், ஆசிரியர் பரிந்துரை எல்லாவற்றையும் பள்ளி தன் பெயரில் தனியாக ஏற்ற வேண்டும். ‘கவுன்சிலர்’ என்ற இடத்தில் தலைமை ஆசிரியரோ துணைத் தலைமை ஆசிரியரோ இருக்கலாம். பள்ளியின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள், உங்களுடையதையோ அண்ணனுடையதையோ கொடுக்காதீர்கள். காலாண்டுத் தேர்வு மதிப்பெண் வந்ததும் பள்ளி லெட்டர்ஹெட்டில் முத்திரையுடன் வாங்கி வையுங்கள். எதிர்பார்க்கும் பொதுத்தேர்வு மதிப்பெண்ணுக்கு அதுவே ஆதாரம்.

இதையெல்லாம் அக்டோபர் 20-க்குள் முடியுங்கள். முன்கூட்டிய விண்ணப்பங்களுக்கான நவம்பர் 1 கெடு உங்கள் உள்ளூர் நேரப்படி இரவு 11.59 வரைதான். அந்த வாரங்களில் தீபாவளி விடுமுறையும் வரலாம், மழை விடுமுறையும் விடலாம். கையெழுத்துப் போட வேண்டியவர் பள்ளியில் இருக்க மாட்டார். இன்னொன்று: பணம் கட்டியதும் விண்ணப்பம் போய்விடுவதில்லை. திரும்பி வந்து கையொப்பப் பக்கத்தை முடித்து ‘சப்மிட்’ அழுத்த வேண்டும்.

பெயரையும் இப்போதே சரிபாருங்கள். மதிப்பெண் சான்றிதழில் ‘எஸ். கார்த்திக்’ என்று இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், அல்லது குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும். சாட் பதிவு, காமன் ஆப் இரண்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் பெயர் ஒரே கட்டத்தில் இருந்தால், சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் சேவை மையங்களில் ஒன்றில் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துவிட்டு சாட்டுக்குப் பதியுங்கள்.

கட்டுரைக்கு ஒரு சொல். ‘நாட்டுக்காகத் தூதராக விரும்புகிறேன்’ என்று ஆயிரம் பேர் எழுதுவார்கள். பாக் நீரிணையை எடுத்துக்கொள்ளுங்கள். 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லை, நம் இழுவைப் படகுகள், 2017-ல் இலங்கை விதித்த இழுவைமடித் தடை, அதே கடலில் பிழைக்கும் யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவர்கள். இரு பக்க நியாயத்தையும் எழுதத் தெரிந்த மாணவரைத்தான் சர்வதேச உறவுகள் துறை தேடுகிறது.

கேள்வி: லண்டனுக்கும் சீக்கிரம் போட்டால் லாபமா?
*வாசகர், பெரம்பூர்*

பதில்: இல்லை. பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸில் ஜனவரிக் கெடுவுக்குள் வரும் எல்லா விண்ணப்பங்களும் சமமாகவே பார்க்கப்படும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கும், பெரும்பாலான மருத்துவ, பல் மருத்துவ, கால்நடை மருத்துவப் படிப்புகளுக்கும் அக்டோபர் 15. பிரிட்டன் மாலை 6 மணி என்பது அன்று நமக்கு இரவு 10.30. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்குத்தான் போட முடியும். ஐந்து தேர்வுகளுக்கும் ஒரே தன்விளக்கம்தான் போகும், அதனால் ஐந்தையும் ஒரே துறையில் வையுங்கள்.

கேள்வி: ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) அதிகாரி ஆக வெளிநாட்டுப் பட்டம் வேண்டுமா?
*மாணவி, மயிலாப்பூர்*

பதில்: வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட எந்தப் பட்டமும் யு.பி.எஸ்.சி.க்குப் போதும். அரசியல் அறிவியல் – சர்வதேச உறவுகள் என்ற 500 மதிப்பெண் விருப்பப் பாடத்தைச் சென்னையில் இருந்தே படிக்கலாம். அமெரிக்காவில் படித்தாலும், அந்நாட்டு வெளியுறவுத் துறையின் மாணவர் பயிற்சிகள் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே. சர்வதேச உறவுகள் பட்டம், அறிவியல்-தொழில்நுட்பப் படிப்புகளுக்கான ஸ்டெம் பட்டியலிலும் வராது. அதனால் படிப்புக்குப் பின் அங்கே வேலை செய்ய ஓராண்டுதான் கிடைக்கும். கல்விக் கடனுக்குக் கையெழுத்திடும் முன் இதை வீட்டில் பேசிவிடுங்கள்.