பைத்தான் கற்கத் தொடங்குபவர் முதலில் எதைப் புரிந்துகொள்ள வேண்டும்?

வணிகவியல் படித்தவர், நிரலாக்கத்துக்குப் புதியவர், பைத்தானின் இலக்கணத்தில் எதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மனப்பாடம் செய்ய அதிகம் ஒன்றும் இல்லை. பைத்தான் தனக்கென்று ஒதுக்கிவைத்திருக்கும் சொற்கள் 35தான். அவற்றில் பத்துப் பன்னிரண்டை வைத்துக்கொண்டே வெகுகாலம் ஓட்டலாம். பாதியில் விட்டுவிடுகிறவர்கள் பெரும்பாலும் வேறு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்: எழுதிய வரியைக் கணினி எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதைத் தவறாக ஊகித்துவிடுகிறார்கள். அந்த இடங்களை மட்டும் சொல்கிறேன்.

2008இல் பைத்தான் 3 வந்ததிலிருந்து மாறிகளுக்கு, அதாவது நிரலில் மதிப்புகளைக் குறிக்க நாம் பயன்படுத்துபவற்றுக்கு, தமிழிலேயே பெயர் வைக்கலாம். கீழே அப்படித்தான் வைத்திருக்கிறேன். இஃப், ஃபார், பிரிண்ட் ஆகியவற்றைப் படிக்க வசதியாக இங்கே தமிழில் எழுதினாலும், நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

முதலில் சமக்குறி. கணக்குப் பாடத்தில் இரண்டு பக்கமும் சமம் என்று பொருள். பைத்தானில் அது ஒரு கட்டளை: வலப்பக்கத்தைக் கணக்கிடு, வந்த விடைக்கு இடப்பக்கத்துப் பெயரைச் சூட்டு. அதனால்தான் மொத்தம் = மொத்தம் + 10 என்று கூசாமல் எழுத முடிகிறது. சமமா என்று கேட்க வேண்டுமானால் == என இரட்டைக் குறி.

பெயரைச் சூட்டு என்று சொன்னதைக் கொஞ்சம் கவனியுங்கள். மாறி என்பது மதிப்பைப் போட்டு வைக்கும் டப்பா என்று பல இடங்களில் சொல்லித்தருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டு என்று நினைத்துக்கொள்வது மேல். ஒரே டப்பாவில் இரண்டு சீட்டு ஒட்டலாம்:

அ = [1, 2, 3]
ஆ = அ
ஆ[0] = 99

இப்போது அ என்னவாக இருக்கும்? [99, 2, 3]. நீங்கள் தொட்டது ஆ, மாறியது அ. இரண்டாவது வரி பட்டியலை நகலெடுக்கவில்லை. இருக்கிற பட்டியலுக்கு இன்னொரு பெயர் வைத்தது, அவ்வளவுதான். நகல் வேண்டுமென்றால் ஆ = அ[:] என்று எழுத வேண்டும். மாறாக, மூன்றாவது வரியில் ஆ = 7 என்று எழுதியிருந்தால் அ அப்படியே இருந்திருக்கும். ஏனென்றால் அது பட்டியலைத் திருத்துவதில்லை, ஆ என்ற பெயரைக் கழற்றி வேறு மதிப்பில் மாட்டுகிறது. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் பின்னால் வரும் பல தலைவலிகள் வராமலே போகும். ஆ[0] என்பது பட்டியலின் முதல் உறுப்பு; எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குகிறது என்பதையும் இதே எடுத்துக்காட்டில் பார்த்துவிட்டீர்கள்.

அடுத்தது உள்தள்ளல். சி++, ஜாவா போன்ற நிரல்மொழிகளில் அடைப்புக்குறி செய்யும் வேலையைப் பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி செய்கிறது. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் 1989 டிசம்பரில் நெதர்லாந்தில் அந்த மொழியை எழுதத் தொடங்கியபோது, தாம் முன்பு பணியாற்றிய ஏபிசி என்ற மொழியிலிருந்து எடுத்துக்கொண்ட பழக்கம் இது. வெறும் அழகு என்று அலட்சியமாக இருக்காதீர்கள்:

செலவு = [120, 45, 300]
மொத்தம் = 0
ஃபார் தொகை இன் செலவு:
    மொத்தம் = மொத்தம் + தொகை
பிரிண்ட்(மொத்தம்)

இது 465 என்று ஒரே ஒரு வரி அச்சிடும். கடைசி வரியையும் நான்கு இடம் உள்ளே தள்ளிப் பாருங்கள்: 120, 165, 465 என்று மூன்று வரிகள் வரும். அச்சிடும் வேலை மடக்குக்குள், அதாவது ஃபார் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதிக்குள், போய்விட்டது. பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் வம்பு.

நிபந்தனைகளில் வரிசை முக்கியம். மதிப்பெண் 35க்கு மேலா என்று இஃப் வரியில் கேட்டுவிட்டு, 90க்கு மேலா என்று எலிஃப் ('இல்லையென்றால் இப்படியா') வரியில் கேட்டால், 95 வாங்கியவரும் வெறும் 'தேர்ச்சி'யோடு போய்விடுவார். முதலில் பொருந்தியதோடு பைத்தான் நிறுத்திக்கொள்ளும்.

இன்புட் மூலம் பயனர் தட்டும் எதுவும் சரமாகத்தான், அதாவது வெறும் எழுத்துகளின் வரிசையாகத்தான், வரும். 25 என்று தட்டினாலும் அது "25". அதை இரண்டால் பெருக்கினால் 50 வராது, "2525" வரும். இன்ட் என்ற சார்பால் (பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்து தரும் நிரல்துண்டு) எண்ணாக மாற்றிவிட்டுக் கணக்குப் போடுங்கள். நீங்கள் வணிகவியல் என்பதால் இன்னொன்று: 0.1 + 0.2 போட்டுப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். தசம எண்களைக் கணினி இரும முறையில் வைத்துக்கொள்வதன் விளைவு இது. பணக் கணக்கை முழுப் பைசாவாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் டெசிமல் என்ற தொகுதியைப் பயன்படுத்துங்கள்.

சார்புகளில் புதியவர்கள் குழம்புவது பிரிண்டுக்கும் ரிட்டர்னுக்கும் இடையில். பிரிண்ட் திரையில் காட்டிவிட்டு மறந்துவிடும். ரிட்டர்ன் விடையை அழைத்தவர் கையில் கொடுக்கும். ஒரு பொருளுக்கான விற்பனை வரியைக் கணக்கிடும் சார்பில் ரிட்டர்ன் இல்லையென்றால், அந்த விடையை விலையோடு கூட்டப் போகும்போது பைத்தான் மறுத்துவிடும். கூட்டுவதற்கு அங்கே எண்ணே இருக்காது.

ஆங்கிலப் பாடங்களில் கிடைக்காத ஒரு சங்கதியையும் சேர்த்துக்கொள்கிறேன். திருப்பிப் படித்தாலும் மாறாத சொல்லா என்று சோதிப்பது எல்லாத் தொடக்கநிலைப் பாடங்களிலும் உள்ள பயிற்சி. நம்மவர்கள் உடனே "விகடகவி"யைப் போட்டுப் பார்ப்பார்கள். சொல் = "விகடகவி" என்று எழுதி, சொல் == சொல்[::-1] (சொல்லைத் திருப்பிப் போட்ட வடிவம்) என்று கேட்டால் பொய் என்று பதில் வரும். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் 'வி' ஒரு குறியீடு அன்று. 'வ' ஒன்று, இகரக் குறி ஒன்று. நமக்கு ஐந்து எழுத்தாகத் தெரிவது பைத்தானுக்கு ஏழு. திருப்பினால் ஓர் இகரக் குறி முன்னால் வந்து நிற்கிறது, இரண்டாவது ககரத்தின் மேல் இன்னொரு இகரக் குறி ஏறிக்கொள்கிறது. "தமிழ்" என்பதன் நீளம் 5 என்று வருவதும் இதனால்தான். உங்கள் நிரலில் பிழை என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். தமிழ் எழுத்துகளை எழுத்தாகவே பிரித்துத்தர ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நிரலகம் இருக்கிறது.

பிழைச் செய்தி சிவப்பாக நீண்டு வந்தால் கடைசி வரியிலிருந்து படியுங்கள். என்ன பிழை என்பது அங்கேதான் இருக்கும், எந்த வரியில் என்பது அதற்குச் சற்று மேலே. 3.10 பதிப்பு முதல், மாறியின் பெயரைத் தப்பாகத் தட்டியிருந்தால் இதுவா என்று அதுவே சரியான பெயரைக் காட்டவும் செய்கிறது. பழைய பதிப்பை வைத்துக்கொண்டு அவதிப்படாதீர்கள்.

கிளாஸ், டெக்கரேட்டர் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். பெயரைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் அகராதியை (டிக்ஷனரி) மட்டும் கற்றுக்கொண்டு, உங்கள் வீட்டுச் செலவு ஒரு மாதத்துக்கு உரியதை எடுத்து, பால், மளிகை, பஸ் என்று வகைவாரியாகக் கூட்டிப் பாருங்கள். செலவு["பால்"] என்று கேட்டால் தொகை வர வேண்டும். இல்லாத வகையைக் கேட்டால் கீ எரர் என்று கத்தும்; அதை எப்படிச் சமாளிப்பது என்று நீங்களே தேடிப் பிடியுங்கள். முடியவில்லை என்றால் எழுதிய நிரலோடு கருத்துப் பகுதிக்கு வாருங்கள், பார்க்கிறேன்.