மவுஸை மாற்றினால் அம்புக்குறி அடங்குமா?

கேள்வி: வேலூர் லாங் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். பில் போடும் கம்ப்யூட்டருக்கு இரண்டு மானிட்டர். ஒன்று எங்களுக்கு, இன்னொன்று வாடிக்கையாளர் தொகையைப் பார்க்க. கூட்ட நேரத்தில் மவுஸ் அம்பு அந்தப் பக்க மானிட்டருக்கு ஓடிவிடுகிறது. தேடுவதற்குள் வரிசை நீண்டுவிடுகிறது. 2,800 ரூபாய்க்கு கேமிங் மவுஸ் வாங்கினால் சரியாகும் என்கிறார் கம்ப்யூட்டர் கடைக்காரர். வாங்கலாமா?
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: வாங்காதீர்கள் அம்மா. கை எவ்வளவு நகர்ந்தது என்று சொல்வதோடு மவுஸின் வேலை முடிந்தது. அம்பு எதுவரை போகலாம் என்பதை விண்டோஸ்தான் முடிவு செய்கிறது. இரண்டு மானிட்டரையும் அது சுவரில்லாத ஒரே கூடமாக நினைக்கிறது. எந்த மவுஸ் போட்டாலும் அம்பு ஓடத்தான் செய்யும்.

செலவில்லாத வழி இருக்கிறது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் டிஸ்ப்ளே. 1, 2 என்று இரண்டு கட்டங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். 2-ஐ மவுஸால் இழுத்து, 1-இன் மேல் மூலையை மட்டும் தொடும்படி குறுக்காக வைத்து 'அப்ளை' கொடுங்கள். இனி அந்த ஒரு மூலை வழியாகத்தான் அம்பு தாண்ட முடியும். பக்கவாட்டில் எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் ஓரத்தில் முட்டி நிற்கும். விண்டோஸ் 11 என்றால் அதே பக்கத்தில் 'மல்டிபிள் டிஸ்ப்ளேஸ்' பகுதியில், மானிட்டர்களுக்கிடையே கர்சர் எளிதாக நகர ஒரு டிக் இருக்கும். அதை மறக்காமல் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் செய்ததெல்லாம் வீண்.

அப்புறம், ஏதாவது விண்டோவை அந்தப் பக்கம் அனுப்ப வேண்டுமென்றால் விண்டோஸ் கீ, ஷிப்ட், இடது அல்லது வலது அம்புக்குறி கீ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

பில் விண்டோவுக்குள்ளேயே அம்பை அடைக்க வேண்டுமா? 'கிளிப்கர்சர்' என்ற வசதி விண்டோஸிலேயே உண்டு; 'ஆட்டோஹாட்கீ' என்ற இலவச மென்பொருள் வழியாக அதை இயக்கலாம். ஆனால் வேறு விண்டோவுக்கு மாறினால் பூட்டு கழன்றுவிடும். உங்கள் கடைக்கு மூலை வழியே போதும் என்பது என் எண்ணம்.

கை வைக்காமலே அம்பு துடித்தாலோ, ஒருமுறை அழுத்தினால் இரண்டாகப் பதிந்தாலோதான் மவுஸில் கோளாறு. அப்போதும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண யுஎஸ்பி மவுஸே தாராளம். ஒருவேளை ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால், பில்லோடு போய்த் திருப்பிக் கேளுங்கள். இல்லாத கோளாறைச் சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறு. கடைக்காரர் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.