காரிலேயே படுத்துக் காஷ்மீர் வரை: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி கன்னியாகுமரி – ஸ்ரீநகர் 44-ஆம் எண் நெடுஞ்சாலையையும், அதைத் தாண்டி லடாக்கையும் பற்றியவை. ரூம் போடாமல் வண்டியிலேயே படுத்துப் போய்வர வேண்டும் என்பதுதான் எல்லோருடைய ஆசையும். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

காரில் லடாக் போய்வர எவ்வளவு செலவாகும்? (சேலம்)

என்ன கார், பெட்ரோலா டீசலா, எத்தனை பேர், எந்த மாதம்? ஒன்றுமே எழுதாமல் செலவை மட்டும் கேட்டால் யாரால் சொல்ல முடியும்? தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். சேலத்திலிருந்து லே போய், அங்கே கொஞ்சம் சுற்றித் திரும்பி வர 7,500 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கொடுக்கிற பெட்ரோல் கார் என்றால் 500 லிட்டர், 50 ஆயிரம் ரூபாய். சாப்பாடு ஆளுக்கு நாளொன்றுக்கு 300, 400. இருபது ராத்திரி ரூம் போடாமல் இருந்தால் மிச்சமாவது 20 ஆயிரம், மிஞ்சினால் 25 ஆயிரம். அதையும் வேகத்தில் விட்டுவிடாதீர்கள். 80-ல் போகும்போது 15 கொடுக்கிற வண்டி 110-ல் 12 கொடுத்தால் அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள், பன்னிரண்டாயிரம் ரூபாய் பெட்ரோலாகவே போய்விடும்.

ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் எடுத்தால் வழியில் எங்குமே பணம் கட்ட வேண்டாமா? (திருச்சி)

அப்படி இல்லை. 2025-ல் 3,000 ரூபாய்க்கு வந்த இந்த பாஸ் 200 முறை டோல்கேட் கடப்பதற்கு, அல்லது ஓராண்டுக்கு. எது முதலில் முடிகிறதோ அதுவரை. தேசிய நெடுஞ்சாலைக்கும் தேசிய விரைவுச்சாலைக்கும் மட்டும்தான் செல்லும். யமுனா எக்ஸ்பிரஸ்வே போன்ற மாநிலச் சாலைகளில் வழக்கமான இருப்பிலிருந்து பணம் பிடிப்பார்கள். ஆகவே ஃபாஸ்டேக்கில் எப்போதும் ஆயிரம் ரூபாயாவது வைத்திருங்கள்.

வேகன் ஆர் வைத்திருக்கிறேன். உயரம் ஆறடி. படுக்க முடியுமா? பின்சீட்டைக் கழற்றிவிடலாமா? (ஈரோடு)

டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். முன்சீட்டை முழுக்க முன்னால் தள்ளி, பின்சீட்டை மடக்கி, டிக்கிக் கதவிலிருந்து முன்சீட்டின் முதுகு வரை எவ்வளவு வருகிறதோ அதுதான் உங்கள் கட்டில். நேராகப் பத்தாவிட்டால் குறுக்காகப் படுங்கள். மடக்கின சீட்டுக்கும் டிக்கித் தரைக்கும் நடுவே வரும் பள்ளத்தில் ஒரு ஒட்டுப்பலகை போட்டு, மேலே இரண்டங்குல நுரை மெத்தை விரித்தால் போதும். சீட்டை மடக்குவதில் சட்டச்சிக்கல் இல்லை. கழற்றி எறிந்துவிட்டுக் கட்டில் அடித்தால் ஆர்.சி.யில் இருக்கும் வண்டி வேறு, ஓடுகிற வண்டி வேறு என்று ஆகிவிடும். ஆர்.டி.ஓ. அனுமதியில்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

ஏசியைப் போட்டு, என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கலாமா? என் நண்பர் மூன்று வருடமாக அப்படித்தான் தூங்குகிறார், ஒன்றும் ஆகவில்லை. (திருநெல்வேலி)

கூடாது. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி மட்டும் நின்றபாடில்லை. அதனால் முழுசாகவே சொல்கிறேன்.

என்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் கிடையாது, வாடை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, அப்புறம் மயக்கம். விழித்திருக்கிறவர் 'என்ன தலை வலிக்கிறது' என்று கதவைத் திறந்து இறங்கிவிடுவார். தூங்குகிறவருக்கு அது தெரியவே தெரியாது, அப்படியே மயக்கத்துக்குப் போய்விடுவார்.

வண்டி ஓடும்போது புகை பின்னால் போய்விடுகிறது. நிற்கும்போது அடியிலேயே தேங்குகிறது. சைலன்சர் இணைப்பில் ஒரு சின்ன ஓட்டை, டிக்கிக் கதவின் ரப்பரில் ஒரு கிழிசல், பின்னால் ஒட்டி நிற்கும் ஒரு சுவர், பக்கத்தில் ஓடிக்கொண்டே நிற்கும் ஒரு லாரி, இவற்றில் ஏதாவது ஒன்று போதும். 'உள்காற்றே சுழல்கிற மாதிரி வைத்துவிட்டேன், வெளிக்காற்று வராது' என்று எழுதுகிறவர்களுக்கும் இதே பதில்தான். காற்றே புகாத கார் கிடையாது. கசிந்து உள்ளே வந்தது வெளியே போக வழியில்லாமல் செய்வதுதான் அந்த ஏற்பாடு. கண்ணாடியை ஒரு இன்ச் இறக்கி வைப்பது மூச்சின் ஈரம் கண்ணாடியில் படியாமல் இருக்கத்தான். என்ஜின் ஓடுகிற வண்டிக்கு அந்த ஒரு இன்ச் காவல் ஆகாது.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை உள்ளே வந்திருக்கிறது. அவ்வளவு பெரிய வண்டியிலேயே அந்தக் கதி என்றால் காரில் என்ன மிஞ்சும்? உங்கள் நண்பருக்கு மூன்று வருடமாக சைலன்சரில் ஓட்டை விழவில்லை, அவ்வளவுதான். இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள்.

சிக்கனத்துக்காக என்றாலும் இது தப்புக் கணக்கு. ஏசியோடு நின்றபடி ஓடினால் மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கும். எட்டு மணி நேரத்துக்கு எட்டு லிட்டர், 800 ரூபாய். அந்தக் காசுக்குச் சின்ன ஊரில் ஃபேன் போட்ட ரூமே கிடைக்கும்.

வேறென்ன செய்வது? யு.எஸ்.பி. ஃபேன் இரண்டு வாங்குங்கள். 20,000 எம்.ஏ.எச். பவர்பேங்க் ஒன்று ஒரு ஃபேனை ராத்திரி முழுக்கத் தாங்கும். பின்கதவுக் கண்ணாடிகளுக்குத் தலையணை உறை மாதிரி மேலிருந்து மாட்டும் கொசுவலை கிடைக்கிறது. அதை மாட்டிவிட்டு இரண்டு பக்கமும் கண்ணாடியைப் பாதி இறக்குங்கள். சாயங்காலமே வண்டியை நிழலில் விட்டு, கதவுகளைத் திறந்து ஆறவிடுங்கள். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அதில் புகை கிடையாது, ஏசி போட்டே தூங்கலாம். ஒரு ராத்திரிக்குப் பாட்டரியில் 10 முதல் 20 சதவீதம் போகும். காலையில் சார்ஜ் போட இடம் பார்த்து வைத்துக்கொண்டு படுங்கள்.

தனியாகப் போகிறேன். ராத்திரி எங்கே நிறுத்துவது? (கோயம்புத்தூர், ஒரு வாசகி)

ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் பெரிய பெட்ரோல் பங்க் தென்னிந்தியாவுக்குப் போதும். இருட்டுவதற்கு முன்னாலேயே போய்ச் சேருங்கள். எண்ணெய் போட்டுவிட்டு மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள்: "காலையில் ஆறு மணி வரை வண்டியில் படுத்துக்கொள்கிறேன், எங்கே நிறுத்தலாம்?" அவர் முகம் சரியில்லை என்றால் அடுத்த பங்க். கேமரா பார்வையில், ஆபீஸ் அறைக்குப் பக்கத்தில், முகப்பு சாலையைப் பார்க்கிற மாதிரி நிறுத்துங்கள். டேங்கர் வந்து எண்ணெய் இறக்கும் இடத்தை மறிக்காதீர்கள். குளிர்பெட்டி லாரிக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். அதன் கம்ப்ரசர் ராத்திரி முழுக்க ஓடும், புகையும் வரும். டிரைவர் சீட்டில் சாமான் வைக்காமல், இறங்காமலே வண்டியை எடுக்கிற மாதிரி படுத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சாப் பக்கம் போய்விட்டால் குருத்வாராதான். வண்டி நிறுத்த இடம், லங்கர் என்கிற பொதுப் பந்தியில் சாப்பாடு, கேட்டால் சராய் என்கிற தங்குமிடத்தில் படுக்கையும் கிடைக்கும். தலையை மூடிக்கொள்ளுங்கள், புகையிலை எதுவும் உள்ளே கொண்டுபோகாதீர்கள், கிளம்பும்போது முடிந்ததை உண்டியலில் போடுங்கள்.

எல்லோருக்குமே சொல்கிறேன்: நெடுஞ்சாலை ஓரத்து மண்ணில் நிறுத்தித் தூங்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் வருகிற லாரி டிரைவருக்கு உங்கள் வண்டி தெரியாது. கண் சொருகினால் அடுத்த டோல்கேட்டையோ பங்க்கையோ எட்டிப் பிடியுங்கள். ரிப்பேராகி நின்றால் 1033, ஆபத்து என்றால் 112.

ராத்திரி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்கினால் டிராஃபிக் இல்லாமல் சீக்கிரம் போகலாமே? (மதுரை)

விடிகாலை இரண்டிலிருந்து ஐந்து வரை உடம்பு தூக்கத்துக்குத்தான் இழுக்கும். டெயில் லைட் இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரிகளும் சாலையில் படுத்திருக்கும் மாடுகளும் அந்த நேரத்தில்தான் எமன். பகல் வெயிலில் காருக்குள் தூங்கவும் முடியாது. பந்திப்பூர் வழியாகப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காட்டுச் சாலை ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும், அதையாவது பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

உள்ளே தெரியாமல் இருக்கக் கறுப்பு பிலிம் ஒட்டலாமா? (வேலூர்)

வேண்டாம். 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டது. பிலிம் ஒட்டிய வெளிமாநில வண்டி என்றால் வழியெல்லாம் நிறுத்துவார்கள். வெள்ளி நிறக் குமிழ் ஷீட்டைக் கண்ணாடி அளவுக்கு வெட்டி, எது எந்தக் கண்ணாடிக்கு என்று மார்க்கரில் எழுதி வையுங்கள். படுக்கும்போது செருகுங்கள், கிளம்பும் முன் எடுத்துவிடுங்கள்.

சிகரெட் லைட்டர் பாயிண்டில் எலெக்ட்ரிக் கெட்டில் போட்டுச் சமைக்கலாமா? (நாகர்கோவில்)

ஃபியூஸ் போகும். அந்தப் பாயிண்ட் தாங்குவது 120, மிஞ்சினால் 180 வாட். வீட்டுக் கெட்டில் 1,500 வாட். சின்ன கேஸ் அடுப்பும் மூன்று லிட்டர் குக்கரும் எடுத்துக்கொள்ளுங்கள். லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் சோறு சரியாக வேகாது. பியூட்டேன் கேன் அடுப்பு உறைகுளிரில் எரியாது. புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் இருந்தால் பத்து நாள் சாப்பாட்டுக் கவலை இல்லை. அடுப்பை வண்டிக்கு வெளியே மட்டும் பற்றவையுங்கள். பங்க்கில் எந்த மூலையிலும் பற்றவைக்கக் கூடாது.

ஸ்ரீநகரில் என் ப்ரீபெய்ட் சிம் வேலை செய்யுமா? (தஞ்சாவூர்)

செய்யாது. ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வெளிமாநில போஸ்ட்பெய்ட் மட்டும்தான். கிளம்பும் முன்னால் மாற்றிக்கொள்ளுங்கள்.

குளிக்கவும் காலைக்கடனுக்கும் என்ன செய்வது? (விழுப்புரம்)

பங்க்கில் கழிப்பறை, குடிதண்ணீர், டயருக்குக் காற்று மூன்றும் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. கூச்சப்படாமல் கேளுங்கள். குளிக்க, லாரி டிரைவர்கள் நிறுத்துகிற தாபாவின் தொட்டியடி. பெண்களுக்கு சுலப் கட்டணக் குளியலறை.

மணாலி வழியாக ஏறி, சர்ச்சுவில் காரிலேயே ஒரு ராத்திரி படுத்தால் என்ன? குளிருக்குக் கரியடுப்பு வைத்துக்கொள்ளலாமா? (ஓசூர்)

சர்ச்சு 4,300 மீட்டர். கீழேயிருந்து நேராக அங்கே போய்ப் படுத்தால் தலைவலி, வாந்தி, மூச்சுமுட்டல் என்று ராத்திரி பாடாய்ப் படுத்தும். அங்கே பக்கத்தில் ஆஸ்பத்திரியும் கிடையாது. ஸ்ரீநகர், கார்கில் வழியாக ஏறுங்கள், உயரம் படிப்படியாகப் பழகும். மணாலி வழியாக இறங்குங்கள். லே போய்ச் சேர்ந்ததும் இரண்டு நாள் எங்கும் சுற்றாதீர்கள். திரும்பும்போது லேயிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். மணாலிக்கு முன்னால் வரும் 'தாண்டி' என்கிற ஊர் வரை, ஏறத்தாழ 365 கிலோமீட்டருக்கு, பங்க்கை நம்பிப் போக முடியாது.

கரியடுப்பு காருக்குள் கூடவே கூடாது. மேலே என்ஜினுக்குச் சொன்ன அதே விஷவாயுதான் கரியிலிருந்தும் வருகிறது. நல்ல ஸ்லீப்பிங் பேக், கம்பளி சாக்ஸ், மங்கி குல்லா, சுடுதண்ணீர்ப் பை. அதிலும் குளிர் அடங்கவில்லை என்றால் ஹோம்ஸ்டேயில் படுங்கள்.

மே மாத லீவில் இரண்டு குழந்தைகளோடு கிளம்புகிறோம். 44-ஆம் எண் சாலை முழுக்கக் காரிலேயே படுக்கலாமா? (திண்டுக்கல்)

மே மாதத்தில் முடியாது. ஹைதராபாத்திலிருந்து நாக்பூர், ஜான்சி, ஆக்ரா வரை பகலில் 43, 45 டிகிரி. ராத்திரி பத்து மணிக்கும் வண்டியின் கூரை சுடும். பெரியவர்களே தாங்க மாட்டார்கள், குழந்தைகளை அதில் படுக்க வைக்காதீர்கள். பெங்களூரு வரை காரில் படுங்கள். அதற்கு மேல் டெல்லி தாண்டும் வரை மூன்று ராத்திரிக்கும் கூலர் உள்ள ரூம் போடுங்கள், நாலாயிரம் ரூபாய் ஆகும். ஜம்மு தாண்டி மலை ஏறின பிறகு மறுபடி காரில் படுக்கலாம். லீவு தேதியை மாற்ற முடியுமென்றால் செப்டம்பர் கடைசியில் கிளம்புங்கள், அந்த நாலாயிரமும் மிச்சம்.