குவாரிக் கேள்விகள்: கோட்டானும் குழியும்

கேள்வி: எங்கள் தோட்டத்தை ஒட்டிய கல்குவாரிக்கு இந்த வருடத்தோடு குத்தகை முடிகிறது. குழியை மண்ணால் மூடி மரம் நட்டுத் தருவதாகக் குவாரிக்காரர் சொல்கிறார். வடக்குப் பாறையில் காதில் கொம்பு வைத்த மாதிரி இரண்டு பெரிய ஆந்தைகள் இருக்கின்றன. வீட்டுக்கு ஆகாது, விரட்டு என்கிறார் மாமியார். மூடச் சொல்லலாமா ஐயா?
– வாசகி, மூலனூர்

பதில்: இருபத்தெட்டு வருடம் குவாரியில் போர்மேனாக வெடி வைத்துப் பிழைத்தவன் நான். ஆந்தைக்குப் பரிந்து பேச உனக்கென்ன யோக்கியதை என்று என் வீட்டிலேயே கேட்பார்கள். கேட்கட்டும்.

அம்மணி, நீங்கள் சொல்வது கொம்பன் ஆந்தை. நம் பக்கம் கோட்டான் என்போம். அது கூடு கட்டாது, பாறைத் திட்டில் வெறுந்தரையிலேயே முட்டை வைக்கும். சிறு பாறைக்குன்றுகளான கரடுகளை எல்லாம் நாங்கள் உடைத்துத் தின்ற பிறகு, வெட்டி விட்ட பாறைச் சுவர்தான் அதற்கு மிச்சம். எலிதான் அதற்கு முக்கியமான இரை. கடலைக்காடு இருந்தால் மாமியாரிடம் இதை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

ஒரு மாசி மாதம், நான் இருந்த குவாரியில் துளை போட்டு மருந்தும் இறக்கியாயிற்று. கீழ்த் திட்டில் இரண்டு குஞ்சு இருக்கிறதென்று பையன் ஒருவன் ஓடி வந்து சொன்னான். டிப்பர்கள் வரிசையில் நின்றன. வெடித்து விட்டேன். மறுநாள் ஹிட்டாச்சி வாளியில் கல்லோடு இறகும் வந்தது. அந்தத் திட்டில் அறுபது லோடு தேறியிருந்தால் அதிகம்.

சரி, மூடும் விஷயம். ஒரு ஏக்கர் குழி, 100 அடி ஆழம் என்று வைத்தால் 43,560 யூனிட் மண் வேண்டும் (ஒரு யூனிட் என்பது நூறு கன அடி). நான்கு யூனிட் டிப்பருக்குப் பத்தாயிரம் லோடுக்கு மேல். அவ்வளவு மண் எங்கிருந்து வரும்? இன்னோர் ஊரில் ஏரியையோ காட்டையோ தோண்டித்தான் வரும். அதனால் முழுக்க மூடச் சொல்லாதீர்கள்.

வடக்குச் சுவர் அப்படியே நிற்கட்டும். உச்சியில் ஆடும் கற்களை மட்டும் தட்டி விட வேண்டும். கோட்டான் கார்த்திகையிலிருந்து சித்திரை வரை குஞ்சு வளர்க்கும், எனவே அந்த வேலை ஆனி, ஆடியில் முடியட்டும். எதிர்ப்பக்கம் கழிவுக்கல்லையும் சரளையையும் கொட்டிச் சரிவாக்கச் சொல்லுங்கள். தண்ணீரில் விழுந்த முயலோ வெள்ளாட்டுக் குட்டியோ ஏறி வர வழி வேண்டுமே. மற்ற பக்கங்களில் வேலி கட்டாயம்.

அடுத்தது மேல்மண். குவாரி தொடங்கும்போது சுரண்டி ஓரத்தில் குவித்திருப்பார்கள். அதில் நம் கொழுக்கட்டைப் புல்லின் விதை கிடக்கும். உயரமாகக் குவித்து வருடக்கணக்கில் விட்டால் அடிமண் செத்துப் போகும் என்பதால், இருப்பதைப் புரட்டாசியில் பரப்பி விட்டால் ஐப்பசி மழைக்கு முளைக்கும். வரிசையாக மரக்கன்று நட்டுப் போட்டோ எடுப்பது எனக்குப் பிடிக்காத சடங்கு. நம் சீமைக்குக் கொரங்காடு என்கிற மேய்ச்சல் காடுதான் பொருத்தம்: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல், மீதி எல்லாம் புல். கௌதாரியும் காடையும் தாமாக வந்துவிடும். மாடும் மேயலாம்.

இதைக் கேட்க உங்களுக்குப் பிடிமானமும் உண்டு. சுரங்க வேலை முடிந்தபின் நிலத்தில் மறுபடி புல் வளர்த்து, தீவனத்துக்கும் செடிகொடி உயிரினங்களுக்கும் ஏற்றதாக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் குத்தகையிலேயே சேர்க்கும்படி 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. கனிமவளத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி அந்தக் குவாரியின் சுரங்கத் திட்ட நகலைக் கேளுங்கள். மூடும்போது என்ன செய்வதாகக் குவாரிக்காரர் எழுதிக் கொடுத்தார் என்பது அதில் இருக்கும். கையில் நகலோடு போனால் பேச்சின் தொனியே மாறும், நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்து பார்த்தவன்.

கேள்வி: பழைய குவாரித் தண்ணீரில் ஆப்பிரிக்கக் கெளுத்தி விடலாமா?
– வாசகர், வெள்ளகோவில்

பதில்: கூடாது தம்பி. அதை வளர்க்கவே தடை இருக்கிறது. மழையில் குழி நிரம்பி ஓடைக்குத் தப்பினால் நாட்டு மீன் ஒன்று மிஞ்சாது.