இயற்கை எரிவாயு: மலைக்காரர்கள் கேட்டவையும் என் பதில்களும்

குன்னூரில் பேக்கரி நடத்தும் நண்பர்: சார், கத்தார், ரஷ்யா என்று செய்தி வந்தாலே கடை சிலிண்டர் விலை ஏறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. உண்மையிலேயே சம்பந்தம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, ஆனால் நேரடியாக இல்லை. உங்கள் 19 கிலோ சிலிண்டரில் இருப்பது இயற்கை எரிவாயு இல்லை, எல்பிஜி. புரோப்பேனும் பியூட்டேனும் சேர்ந்தது. கொஞ்சம் அழுத்தினாலே திரவமாகிவிடும். அதனால்தான் அதை லாரியில் ஏற்றி பர்லியார் வழியாக மேலே கொண்டுவர முடிகிறது. இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். அதைத் திரவமாக்க மைனஸ் 162 டிகிரி வரை குளிர வைக்க வேண்டும். அப்போது 600-ல் ஒரு பங்காகச் சுருங்கிக் கப்பலில் ஏறும்.

எல்பிஜி விலைக்கு அடிப்படை, சவூதியின் அரசு எண்ணெய் நிறுவனமான அராம்கோ மாதாமாதம் அறிவிக்கும் விலை. நமக்குத் தேவையானதில் பாதிக்கு மேல் இறக்குமதிதான், அதிலும் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து. அதனால்தான் மாதம் பிறந்ததும் கடை சிலிண்டருக்குப் புது விலை வருகிறது. நீங்கள் கவனிக்க வேண்டியது ரஷ்யாவை விட, வளைகுடாக் கப்பல்கள் வெளியேறும் ஹோர்முஸ் நீரிணையை. கத்தாரின் எரிவாயுக் கப்பல்களும் அதே வாசல் வழியாகத்தான் வெளியே வருகின்றன.

கேத்தியில் காரட் போடுபவர்: அண்ணா, விவசாயிக்கு இதில் என்ன இருக்கிறது?

பதில்: உங்களுக்குத்தான் அதிகம் இருக்கிறது. யூரியா மூட்டையே எரிவாயுவிலிருந்து வருவதுதான். மீத்தேனிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்த்தால் அம்மோனியா. அதோடு கரியமில வாயு சேர்ந்தால் யூரியா. எரிபொருளும் மூலப்பொருளும் அதே வாயுதான் என்பதால், உற்பத்திச் செலவில் பெரும்பகுதி அதற்கே போகிறது. 2022-ல் ஐரோப்பாவில் எரிவாயு விலை எகிறியபோது, அங்கே பல அம்மோனியா ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன, சில மூடியே கிடந்தன.

நம் நாட்டு எரிவாயுத் தேவையில் ஏறக்குறைய பாதி கப்பலில் வருகிறது. அதில் உர ஆலைகள்தான் பெரிய வாடிக்கையாளர். ஆனாலும் 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்கே கிடைத்தது. மீதியை அரசு மானியமாகக் கொடுத்தது. 2022-23-ல் உர மானியம் மட்டும் இரண்டரை லட்சம் கோடி ரூபாயை ஒட்டி வந்தது. கடையில் விலை ஏறவில்லை என்பதால் யாரும் கட்டவில்லை என்று ஆகாது. வரி கட்டும் எல்லோரும் கட்டினோம்.

இங்கே எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. மலிவாகக் கிடைக்கிறதே என்று யூரியாவை அள்ளிப் போடுகிறோம். நம் மண் ஏற்கெனவே புளித்த மண், அதாவது அமில மண்; யூரியா அதை இன்னும் புளிக்க வைக்கும். சரிவில் போட்டதை அடுத்த மழை ஓடைக்குக் கொண்டுபோய்விடும். மண் பரிசோதனை செய்துவிட்டு, பிரித்துப் பிரித்துப் போடுங்கள்.

கோத்தகிரி, தேயிலை ஃபேக்டரி மேலாளர்: டிரையருக்கு விறகை விட்டுவிட்டு கேஸுக்கு மாறலாமா?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ எல்பிஜியின் வெப்பம் ஏறக்குறைய 11,000 கிலோ கலோரி. நன்றாகக் காய்ந்த விறகு அதில் மூன்றில் ஒரு பங்கு. பச்சை விறகு என்றால் அதிலுள்ள தண்ணீரை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பகுதி போய்விடும். பல ஃபேக்டரிகளில் யூகலிப்டஸ் கட்டைகள் மழையில் நனைந்து கிடக்கின்றன. முதலில் பிளந்து, கூரைக்கடியில் சில மாதம் காய வையுங்கள். அதற்கு அப்புறமும் கேஸ் கட்டுப்படியாகிறதா என்று பார்த்து முடிவெடுக்கலாம். இன்றைய பச்சை இலை விலையில், அவசரப்பட்டு மாறச் சொல்ல மாட்டேன்.

மஞ்சூர் கல்லூரி மாணவர்: மின்சாரத்துக்கு எரிவாயு அவசியம் என்று பாடத்தில் வருகிறது. ஏன் சார்?

பதில்: நல்ல கேள்வி தம்பி. நிலக்கரி நிலையத்தை நினைத்தவுடன் ஏற்றி இறக்க முடியாது. கேஸ் டர்பைன் சில நிமிடங்களில் சுழலும். பொழுது சாய்ந்ததும் சூரிய மின்சாரம் நின்றுபோகிறது, வீடுகளில் விளக்கு எரிகிறது. அந்த இடைவெளியை நிரப்ப அது தோதானது. ஆனால் இந்தியாவில் 20,000 மெகாவாட்டுக்கு மேல் கேஸ் நிலையங்கள் இருந்தும் பெரும்பாலானவை சும்மா கிடக்கின்றன. இறக்குமதி வாயுவை எரித்து மின்சாரம் எடுத்தால் விலை கட்டாது.

உன் ஊருக்குப் பக்கத்திலேயே அந்த வேலையைக் குந்தா அணைகளின் தண்ணீர் செய்கிறது. மதகைத் திறந்தால் டர்பைன் சுற்றும். அங்கே கட்டப்படும் 500 மெகாவாட் நீரேற்று நிலையம் பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, மாலையில் இறக்கும். தமிழ்நாட்டுக்கு எரிவாயுவை விட இதுவே நல்ல வழி என்பது என் கருத்து.

ஊட்டியிலிருந்து ஓர் அக்கா: ஜனவரிக் காலையில் அடுப்பு ஜுவாலை இறங்கிவிடுகிறது. சிலிண்டரைச் சுடுதண்ணீரில் வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம் அக்கா. பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். உறைபனிக் காலையில் அது சரியாக ஆவியாகாது. சிலிண்டர் வெளியே இருந்தால் சமையலறைக்குள் நிமிர்த்தி வையுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். வெயில் ஏறினால் ஜுவாலை தானாகச் சரியாகிவிடும்.