பழைய கணினிக்குப் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா?

கேள்வி: 2015-இல் என் முதல் சம்பளத்தில் சேமித்து வாங்கிய கணினி இப்போது தம்பியிடம் இருக்கிறது. இன்டெல் கோர் ஐ5-4590 பிராசசர், 8 ஜிபி ரேம், 2 ஜிபி நினைவகம் உள்ள ஜிடிஎக்ஸ் 960 கிராபிக்ஸ் கார்டு, 450 வாட் பவர் சப்ளை, 60 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டர். புதிய கேம்கள் திக்கித் திணறுகின்றன. ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான் தம்பி. பிராசசரே பழையது, கார்டு வாங்குவது தண்டச் செலவு என்கிறான் அவனுடைய நண்பன். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி சரி. கார்டை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. ஆனால் இந்தக் கணினிக்கு 4060 பொருத்தமில்லை. எதையும் வாங்குவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

திணறும் கேம் ஒன்றை 1080பி-யில் ஓடவிட்டு, விநாடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) வருகிறது என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு மற்ற எதையும் தொடாமல், திரைத் தெளிவை மட்டும் 720பி-க்குக் குறைத்து அதே இடத்தை மறுபடி விளையாடட்டும். எண்ணிக்கை நன்றாக ஏறினால் கார்டுதான் தடை. ஏறாமல் அங்கேயே நின்றால் பிராசசர் தடை. காரணம் எளிது. யார் எங்கே நிற்கிறார், எந்தச் சுவர் இடிகிறது என்று கணக்குப் போட்டுக் கட்டளை கொடுப்பது பிராசசர். அதைப் படமாகத் தீட்டுவது கார்டு. 1080பி-யில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளைத் தீட்ட வேண்டும். 720பி-யில் 9 லட்சத்துச் சொச்சம் போதும். கார்டின் வேலை பாதிக்கும் கீழே இறங்கியும் வேகம் கூடவில்லை என்றால், அது கட்டளைக்காகக் காத்திருக்கிறது என்று பொருள்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 960-இல் இருக்கும் 2 ஜிபி நினைவகம் இன்றைய கேம்களுக்குக் காணாது. அது நிரம்பியதும் படத் தரவுகள் ரேமுக்கும் கார்டுக்கும் இடையே அலைகின்றன. திடீர் திடீரென்று படம் உறைந்து நகர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரத்தை மட்டும் அடிமட்டத்துக்குக் குறைத்துப் பாருங்கள். அந்தக் குலுக்கல் நின்றால் கார்டு மாற்றுவது நிச்சயம் பலன் தரும். உங்கள் தம்பியின் கணினியில் அதுதான் நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

கேபினெட்டைத் திறக்கும்போது ரேமையும் கவனியுங்கள். 8 ஜிபி ஒரே பட்டையாக இருந்தால், அதே வகையில் இன்னொன்று சேர்ப்பதுதான் முதல் வேலை. அளவு 16 ஆவது மட்டுமல்ல, இரண்டு பட்டைகளும் இணையாக இயங்குவதால் பிராசசருக்குத் தரவு போகும் பாதையும் அகலமாகிறது. இந்தக் கணினியில் உள்ள டிடிஆர்3 என்ற பழைய வகை ரேமை அடுத்த கணினிக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் பயன்படுத்திய பட்டையே போதும். கார்டுக்கு ஆகும் செலவில் அது சிறு பங்குதான்.

அடுத்து மதர்போர்டு. பலரும் பார்க்கத் தவறும் இடம் இது. போர்டின் மேல் எச்81 என்று இருக்கிறதா, பி85 என்று இருக்கிறதா? பி85-இல் கார்டு செருகும் இடம் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 (கார்டுக்கும் போர்டுக்கும் இடையே தரவு போகும் இணைப்பு இது; எண் கூடினால் வேகமும் கூடும்). எச்81-இல் அதே பிராசசரைப் போட்டாலும் 2.0 தான். என்விடியா நிறுவனத்தின் 4060, அதன் போட்டியாளர் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 ஆகிய கார்டுகள் இரண்டும் 4.0-க்காக வடிவமைக்கப்பட்டவை, அந்த இணைப்பின் பதினாறு தரவுப் பாதைகளில் எட்டை மட்டுமே பயன்படுத்துபவை. 3.0-இல் இழப்பு சிறியது. 2.0-இல் பாதையின் அகலம் கால் பங்காகிவிடும்; கார்டின் நினைவகம் நிரம்பும் கேம்களில் அது கண்ணுக்குத் தெரியும்.

இப்போது என் முடிவைச் சொல்கிறேன். போர்டு பி85 அல்லது அதைவிட மேலானது என்றால் ஆர்எக்ஸ் 6600 வாங்குங்கள். 8 ஜிபி நினைவகம், 132 வாட் மின்சாரம், 450 வாட் பவர் சப்ளையே போதும் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. 4060 இதைவிட வேகமானதுதான். ஆனால் நான்கு கோர்களும் நான்கு த்ரெட்களும் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலைத் தொடர்கள்) மட்டுமே உள்ள 4590 பிராசசர் அந்தக் கூடுதல் வேகத்தை வெளிவர விடாது. மேலும், பழைய பிராசசர்கள் மீது என்விடியா டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஏற்றும் சுமை ஏஎம்டியைவிட அதிகம் என்று பல சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. எச்81 போர்டு என்றால் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 பொருந்தும். அது பதினாறு பாதைகளையும் பயன்படுத்தும். ஆனால் 170 வாட் கேட்கும், பவர் சப்ளையையும் மாற்ற வேண்டியிருக்கும்.

பவர் சப்ளை வாங்கிய காலத்திலிருந்து மாறவில்லை என்றால், எந்தக் கார்டாக இருந்தாலும் அதை மாற்றிவிடுவதே நல்லது என்பேன். என் உறவினர் ஒருவரின் கணினியில் பழைய பவர் சப்ளை பழுதானபோது மதர்போர்டும் சேர்ந்தே போனது. நல்ல பவர் சப்ளையை அடுத்த கணினியிலும் பயன்படுத்தலாம், கார்டையும் பயன்படுத்தலாம். வீணாகாத செலவு இவை இரண்டும்தான்.

இந்தக் கணினிக்கு அடுத்தது ஒன்று வரத்தான் போகிறது. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர்களின் பட்டியலில் இன்டெல் நான்காம் தலைமுறை இல்லை. எனவே தம்பிக்கு வேண்டியவை இன்றைய பெரிய திறந்தவெளி கேம்கள்தான் என்றால், கார்டு மாறிய பிறகும் குலுக்கல் முழுவதுமாக நீங்காது. அதை அவனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். புதுக் கார்டு வந்த மகிழ்ச்சி ஒரே வாரத்தில் வடிந்துபோக வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய கேம்கள்தான் அதிகம் என்றால் மாற்றம் பெரிதாகத் தெரியும்.

ஒன்றும் வாங்காமல் காத்திருக்கலாமா என்றால், அதற்கும் எல்லை இருக்கிறது. 2024 டிசம்பரில் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்’ போன்ற கேம்களுக்கு, ஒளிக்கதிர்களைக் கணக்கிடும் வன்பொருள் கார்டிலேயே இருக்க வேண்டும். 960-இல் அது இல்லை. தரத்தை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை.

கேள்வி: பயன்படுத்திய கார்டு வாங்க நினைக்கிறேன். கிரிப்டோ நாணயம் உருவாக்க ஓடிய கார்டாக இருந்தால் ஒதுக்கிவிட வேண்டுமா?

பதில்: அந்த ஒரு காரணத்துக்காக ஒதுக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கார்டுகள் தேவைப்படாத முறைக்கு மாறியதும் அப்படிப்பட்ட கார்டுகள் ஏராளமாக விற்பனைக்கு வந்தன. நன்றாக ஓடுபவையும் அவற்றில் உண்டு. முதலில் தேய்வது விசிறி. உங்கள் கண் முன்னால் கனமான கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெப்பம் ஏறிக்கொண்டே போகிறதா, விசிறி கரகரக்கிறதா, திரையில் நிறப்புள்ளிகள் தெறிக்கின்றனவா என்று பாருங்கள். ஓட்டிக் காட்டத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளையும் இயக்கிப் பாருங்கள். பழைய கார்டின் உள்மென்பொருளை மாற்றிப் புதிய பெயரில் விற்கும் மோசடி உண்டு, அதை இது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: என்னுடையது அலுவலகப் பயன்பாட்டுக்கான சிறிய கணினி. பவர் சப்ளையில் கார்டுக்கான தனி வயர் இல்லை. வழி உண்டா?

பதில்: உண்டு. செருகும் இடத்தின் வழியாகவே 75 வாட் வரை கிடைக்கும். அதற்குள் ஓடும் கார்டாகப் பாருங்கள். ஜிடிஎக்ஸ் 1650-இன் பல வகைகளும், 70 வாட் மட்டும் கேட்கும் 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050-உம் அப்படிப்பட்டவை. பெயர் ஒன்றாக இருப்பதால் 8 ஜிபி 3050-ஐ வாங்கிவிடாதீர்கள். அதற்குத் தனி வயர் வேண்டும். கேபினெட் ஒல்லியானது என்றால் அரை உயரக் கார்டா என்பதையும், அதைக் கேபினெட்டில் திருகுவதற்கேற்ற குட்டைத் தகடு பெட்டியில் இருக்கிறதா என்பதையும் கேட்டு வாங்குங்கள்.