தேயிலைத் தண்டில் துளை: எந்த வண்டு? கேள்வி பதில்

கோத்தகிரி: கவாத்துக் குச்சியில் குண்டூசித் தலை அளவு துளை, உள்ளே கறுப்பு வண்டு. போட்டோ பார்த்து இனம் சொல்லுங்கள்.

ஷாட் ஹோல் போரர் (தண்டைத் துளைக்கும் வண்டு) கூட்டம் என்பதுவரை சொல்லலாம். அதற்குள் ஃபோர்னிகேட்டஸ், ஃபோர்னிகேடியர், பெர்பிரெவிஸ், குரோஷியோ என நான்கு இனங்கள் உண்டு. பெண் வண்டை மட்டும் எடுங்கள். ஆண் சிறியது, பறக்காது. முதுகுக் கவசத்தின் நீளத்தையும் மேல்சிறகின் நீளத்தையும் நுண்ணோக்கியின் கண்ணாடி அளவுகோலில் அளக்க வேண்டும். இனங்களின் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும், எனவே ஒரு வண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு வளைக்கு (தண்டுக்குள் வண்டு குடைந்த வழிக்கு) ஒன்று என்று எடுங்கள்: ஒரே வளையின் இருபது வண்டுகள் ஒரு தாயின் பிள்ளைகள், இருபது சான்று ஆகாது. பழுப்பு வண்டு இளசு, வேறு இனமில்லை.

குன்னூர்: டிஎன்ஏவுக்கு எப்படி வைப்பது?

95% எத்தனாலில், குளிரில். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம், டிஎன்ஏ கெட்டுவிடும். வண்டை நசுக்காமல் புரதத்தைக் கரைக்கும் புரோட்டீனேஸ் கே நொதி கலந்த கரைசலில் 56 டிகிரியில் இரவு முழுக்க வைத்தால் டிஎன்ஏ கரைசலுக்கு வந்துவிடும், ஓடு மிஞ்சும். அந்த ஓட்டைக் கட்டாயம் சேமியுங்கள். பின்னால் சந்தேகம் வந்தால் அளந்து பார்க்க அதுதான் இருக்கும். இனம் காணப் பயன்படும் சிஓஐ மரபணுவில் 658 எழுத்துகள் படிக்கலாம். நடுவில் நிறுத்தக் குறி (புரதம் அங்கே முடியும் என்ற குறி) வந்தால் அது போலி நகல், உண்மை மரபணு அல்ல. சில சமயம் வண்டுக்குப் பதில் அதன் உடலுக்குள் வாழும் வொல்பேக்கியா பாக்டீரியாவின் வரிசையே வந்து நிற்கும்.

கொடைக்கானல்: இவ்வளவு ஒத்திருந்தால் துணையினம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே?

இல்லை. துணையினங்கள் வெவ்வேறு நிலப்பகுதியில் வாழும், எல்லையில் கலக்கும். ஃபோர்னிகேட்டஸுக்கு 1868இல் ஐக்காஃபும், ஃபோர்னிகேடியருக்கு 1923இல் எகர்ஸும் பெயரிட்டார்கள். இரண்டுக்கும் பெயரிட எடுத்த மூல மாதிரி இலங்கையிலிருந்துதான், அதாவது ஒரே நிலப்பகுதி.

கொடைக்கானல்: வளைக்குள்ளேயே அண்ணன் தங்கை கூடுகிற பூச்சியில் கலப்பு எங்கே வரும்? உங்கள் அளவுகோலே பொருந்தாதே.

நல்ல கேள்வி, சிக்கலே அங்கேதான். கருவுறாத முட்டை ஆணாகிறது. தாய் ஒருத்தியே குடும்பம் தொடங்கிவிடுவாள். ஒவ்வொரு குடும்ப வரிசையும் தனியே விலகிப்போவதால் ஒரே இனத்துக்குள்ளும் சிஓஐ வேறுபாடு பெரிதாக இருக்கும். மற்ற பூச்சிகளுக்குச் சொல்லும் 2, 3% கணக்கு இங்கே செல்லாது. சிஓஐயில் 10%க்கு மேல், உட்கரு மரபணுவான சிஏடியில் 2, 3%க்கு மேல், வேறுபாடு இருந்து, கூடவே உடல் அளவும் அதே பிரிவைக் காட்டினால்தான் தனி இனம். சிஓஐ தாய்வழியில் மட்டும் வருவது, தனியாக நம்பக்கூடாது.

கொடைக்கானல்: பழைய பதிவுகளில் எல்லாமே ஃபோர்னிகேட்டஸ்தானே?

அவற்றை மாதிரி பார்க்காமல் எடுக்காதீர்கள். எந்த இனத்துக்கு எந்தப் பெயர் என்று 2018இல் ஒரு பங்கீடு வந்தது, 2019இல் மூல மாதிரிகளை அளந்து அது மாறியது. தேயிலை வண்டு என்று பரவலாகச் சொன்னது இப்போது பெர்பிரெவிஸ்.

கூடலூர்: காப்பிக் கொட்டைக்குள் துளை, இதுவா?

இல்லை, அது காய்த் துளைப்பான், 1990இல் உங்கள் பக்கத்தில்தான் இந்தியாவில் முதலில் தென்பட்டது.

தாண்டிக்குடி: பட்டர் ஃப்ரூட் கிளையில் துளை. போட்டோ இணைத்திருக்கிறேன், இனம்?

முதல் பதிலைப் படியுங்கள். போட்டோ போதாது. அந்தக் கிளையை விறகாக வேறு மலைக்கு ஏற்றாதீர்கள்.

ஊட்டி: என்ன மருந்து அடிக்க?

குன்னூர் உபாசி (தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கம்) வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

கோத்தகிரி: எத்தனால் இல்லை, ஃபார்மலின் இருக்கிறது...

வேண்டாம். வண்டை உயிரோடு கிளைத்துண்டிலேயே மூடிய டப்பாவில் வைத்து, எத்தனால் கிடைத்ததும் போடுங்கள். டப்பாவை மட்டும் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோகாதீர்கள்.